ஒப்பு போடாதே மக்கா

"எனக்குத் தெரியாது" என்ற வாக்கியம் மட்டும் ஆபேலின் வாயில் வராது. இரணியலுக்கு மேற்கே, ரப்பர் மரங்களுக்கும் வாழைகளுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். திருவனந்தபுரம் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாலும் சொல்வார், பல்வலிக்கு எதைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாலும் சொல்வார். சில நேரம் அது சரியாகவும் இருக்கும்.

கேட்கிறவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. மனிதர் பத்தொன்பது வருடம் ஷார்ஜாவில் பெரிய லாரி ஓட்டியவர். இருபத்தெட்டு வயதில் போய், நாற்பத்தேழில் வந்து, மிச்சம் பிடித்த காசில் ஒரு கான்கிரீட் வீடு கட்டி, அதன் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஊரில் எந்தப் பையனுக்கு விசா வந்தாலும் அந்தத் தாள் அவர் கைக்கு வராமல் போகாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளை ஒரு முழ தூரத்தில் பிடித்துப் படித்து, "ம், போகலாம்" என்பார். அதற்காக ஒரு சாயா கூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஏஜெண்ட் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதுதான் அவருடைய பெருமை. சபையில் சாட்சி சொல்லும் கூட்டத்தில் ஆண்டவருக்கு அடுத்தபடியாக ஆபேலுக்கு நன்றி சொன்னவர்கள் உண்டு. அப்போது அவர் தலையைக் குனிந்துகொள்வார். குனிந்த முகத்தில் சிரிப்பு இருக்கும்.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. நம் பல்லி விழுந்தது ஒன்றரை வருடத்துக்கு முன்பு.

நாலு வீடு தள்ளியிருக்கும் நேசபாய், அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்து ஒரே மகனை வளர்த்தவள். புருஷன் செத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. மகன் ஜெரிஷ் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவன். நல்ல பையன், சபைப் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுவான். போனில் ஒரு வீடியோ பார்த்து, யாரோ ஒரு முகம் தெரியாத ஆளிடம் பேசி, பனி பெய்கிற ஒரு நாட்டில் வேலை என்று கிளம்பினான். கிட்டங்கியில் சாமான் ஏற்றி இறக்க வேண்டும், சாப்பாடும் தங்க இடமும் உண்டு. விசாத் தாள் வழக்கம்போல முற்றத்து நாற்காலிக்கு வந்தது. "ம், போகலாம்" என்றார் ஆபேல். புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவன் தலையில் கைவைத்து ஜெபித்ததும் அவர்தான்.

போன பத்தாம் நாள் ஜெரிஷ் அம்மாவைக் கூப்பிட்டான். ஒரு தாளில் ஒப்பு போடச் சொல்கிறார்கள், என்ன தாள் என்று விளங்கவில்லை என்றான். எங்கள் பக்கத்தில் கையெழுத்தை ஒப்பு என்றுதான் சொல்வோம். "ஆபேல் மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு செய்யுதேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தான். மகனுக்கு இருந்த அந்தப் புத்தியை நினைத்து நேசபாய் நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு இருபது நாள் பேச்சு மூச்சு இல்லை. அப்புறம் யாருடைய போனிலிருந்தோ குரல் செய்தி ஒன்று வந்தது, அரை நிமிடம் கூட இல்லை. "அம்மா, எங்கள யுத்தத்துக்குக் கொண்டு போறாங்க. அந்தப் பேப்பர்ல ஒப்பு போட்டிருக்கப்படாது. ஜெபம் பண்ணுங்கோ." அவ்வளவுதான். பட்டாளத்தில் சேரச் சம்மதம் என்று எழுதியிருந்த தாள் அது. இன்றைக்கு வரை வேறு செய்தி இல்லை. ஆஸ்பத்திரியில் நேசபாயின் ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள், அங்கே கிடைத்த உடல்களோடு அடையாளம் ஒத்துப் பார்ப்பதற்கு. அதற்கும் பதில் வரவில்லை.

குரல் செய்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து கூட்டம் கோயில் நடையில் நிற்கும்போது நேசபாய் போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள். "அண்ணே, எனக்கிட்ட பேசின அன்னைக்கு எனக்க பிள்ள உங்களக் கூப்பிட்டானா? ஒப்பு போடட்டான்னு கேட்டானா?"

அம்பது பேர் ஆபேலைப் பார்த்தார்கள். அவருக்குப் பக்கத்தில் மனைவி பூங்கனி நின்றாள்.

"இல்லியே" என்றார் ஆபேல். "அன்னைக்கு காலத்த நான் இரணியல் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். போனு வீட்டுலதான் கிடந்துது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய்யிலும் பாதி உண்மை இருந்தால் அதற்குக் கால் முளைத்துவிடும். ஸ்டேஷனுக்குப் போனது உண்மை. போனை மேசையில் விட்டுப் போனதும் உண்மை. ஆனால் பத்தரை மணிக்குத் திரும்பி வந்துவிட்டார். பூங்கனி பின்புறத்தில் பைப்பைத் திறந்துவிட்டு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்ததே அவளுக்குத் தெரியாது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றவும் மேசையில் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"மாமா, ஒண்ணும் வெளங்கல்ல. எழுத்தெல்லாம் திருப்பிப் போட்டது மாதிரி கிடக்கு. எங்ககூட வந்த குளச்சல் எபிசன் போட மாட்டேன்னு அழுது பிடிவாதம் பிடிச்சான், அவன வேற ரூமுக்குக் கொண்டு போயாச்சு. நான் என்ன செய்ய?"

ஆபேலுக்கு அந்தக் கணத்தில் பயம் வரவில்லை. உள்ளபடி சொன்னால், சந்தோஷம்தான் வந்தது. கடல் தாண்டி, பனி தாண்டி, ஒருவன் தன்னிடம் கேட்கிறான். "எலே, இதுக்கா பயப்படுத? ஷார்ஜாவில அறபியில எழுதின பேப்பர் எத்தனையில ஒப்பு போட்டிருக்கேன் தெரியுமா? ஒரு எழுத்து எனக்குத் தெரியுமா? முதல்ல ஒப்பு, பெறவுதான் சோறு. வெளிநாடுன்னா அப்பிடித்தான். நீயும் அந்த எபிசன மாதிரி அழுது எனக்க பேரக் கெடுத்துராத. போடு மக்கா ஒப்பு."

வளைகுடாவில் பிழைத்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டுப் போட்டு, எதுவும் ஆகாமல் போனதால், எதுவும் ஆகாது என்று நினைத்துவிட்டார்கள். பத்தொன்பது வருடமும் ஆபேலின் லாரி கவிழவில்லை. அந்தப் புண்ணியத்தை அவர் தன் புத்தி என்று எண்ணிக்கொண்டார்.

நாலு நிமிடப் பேச்சு. பேசி முடித்து போனைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுச் சாயாக்கடைக்குப் போய்விட்டார். கோயில் நடையில் பொய் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து, குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, அந்த அழைப்பைப் போனிலிருந்து அழித்தார். அழித்த பிறகுதான் தெரிந்தது, அழிக்கவே முடியாத இடம் ஒன்று இருக்கிறதென்று.

தான் சொன்ன பொய் யார் தலையில் விழும் என்று அவர் யோசிக்கவில்லை. அது பூங்கனியின் தலையில் விழுந்தது. போன் வீட்டில் கிடந்தது. வீட்டில் இருந்தவள் பூங்கனி. பிள்ளை கூப்பிட்டிருக்கிறான், இவள் பைப்பைத் திறந்துவிட்டுத் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நேசபாய் மட்டும் அன்றோடு அவளிடம் மிண்டுவதை, ஒரு வார்த்தை பேசுவதைக்கூட, நிறுத்தினாள். இருவரும் இருபத்திரண்டு வருடம் கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இப்போது நேசபாய் தூண் மறைவில் வேறு பெஞ்சு.

பூங்கனி அதை ஏற்றுக்கொண்டாள். "எனக்கு கேட்டிருக்கணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன்பிறகு அவள் போனை மடியில் செருகிக்கொண்டுதான் எந்த வேலையும் செய்கிறாள். துணி துவைக்கும்போது பைப்பை நூல் மாதிரித்தான் திறப்பாள். யார் வீட்டுப் போன் அடித்தாலும் ஈரக் கையோடு எழுந்துவிடுவாள். ஒன்றரை வருடமாக ஆபேல் முற்றத்து நாற்காலியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்து, "சாயா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். வேதத்தில் ஆபேல் ஒரு குற்றமும் செய்யாமல் அண்ணன் கையால் அடிபட்டுச் செத்தவன். நம் ஆபேலுக்கு அந்தப் பெயரைக் கூப்பிடக் கேட்டாலே கூச்சம் வந்தது.

ஒருமுறை குளச்சலுக்குப் போனார், எபிசனைப் பார்க்க. பத்து நாள் அறையில் அடைத்து வைத்து, இவன் ஆக மாட்டான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் அவனை. ஏலம் நடக்கும் இடத்தில் மீன் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு, யாரையோ கிண்டலடித்துச் சிரித்தபடி போனான். ஒப்பு போடாமல் அழுதவன் உயிரோடு சிரிக்கிறான். ஆபேல் அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். விசாத் தாளோடு யாராவது வந்தால் "கண்ணு சரியில்ல, வேற ஆளப் பாருங்கோ" என்பது அதற்குப் பிறகுதான். அப்போதும் "தெரியாது" என்று வரவில்லை பாருங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்குச் சினிமா வந்தது.

இயக்குநர் பகவதியப்பன் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பெயர் சொல்லாத ஒரு ராஜா, பெயர் சொல்லாத ஒரு போர். வீட்டுக்கு ஒரு ஆண் பிள்ளையைப் பட்டாளத்துக்குத் தர வேண்டும் என்று ராஜாவின் ஆட்கள் ஓலையோடு வருகிறார்கள். ஒரு மலையடி ஊர், தர மாட்டோம் என்று நிற்கிறது. இதுதான் கதை. ரப்பர் தோட்டத்து ஓரத்தில் இடிந்து கிடந்த ஓட்டுக் கட்டிடத்தைப் பிடித்து, சாணி மெழுகி, பழைய ஊராக்கிவிட்டார்கள். ஊர்ச் சனமாக நிற்க ஊர்க்காரர்களே வேண்டும் என்று உதவி இயக்குநர் அஞ்சலி வீடு வீடாக வந்தாள். சென்னைப் பெண், எல்லோரையும் அங்கிள், ஆன்ட்டி என்பாள்.

"நல்லா உயரமா, ஊர்ப் பேச்சு பேசறவரா, ஒரு பெரியவர் வேணும்" என்றாள். எல்லா விரலும் ஆபேலின் வீட்டைக் காட்டின. அவருக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் "எனக்கு வராது" என்று சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமில்லை.

படப்பிடிப்பன்று அழுக்கு முண்டும் தோளில் ஒரு தோர்த்துத் துண்டுமாக நிறுத்தினார்கள். முண்டில் பை ஏது? போனை வீட்டில் பூங்கனியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கூட்டத்துக்குள் வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்து நேசபாய் நிற்பதைப் பார்த்ததும் அவர் கூட்டத்தின் மறு கோடிக்கு நகர்ந்துகொண்டார். பிள்ளைகளைப் பட்டாளத்துக்குக் கொடுக்காத ஊரின் கதை என்று யாரோ சொன்னார்களாம், அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சினிமாக்காரர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. தெரிந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

பகவதியப்பன் ஆபேலின் தோளில் கைபோட்டுக் காட்சியை விளக்கினார். "அண்ணாச்சி, நீங்க முந்தி ஒரு சண்டைக்குப் போயிட்டுத் திரும்பி வந்த ஆளு. அந்த ஓலையில என்ன இருக்குன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பையன் எழுத்தாணிய எடுக்கான். நீங்க கூட்டத்தத் தள்ளிக்கிட்டு வந்து ஒரே ஒரு வரி சொல்லணும். 'ஒப்பு போடாதே மக்கா.' அம்புட்டுதான்."

ஆபேல் தோர்த்தை இறக்கித் திரும்பவும் தோளில் போட்டார். "வேற ஆள..." என்று ஆரம்பித்தார். "உங்களுக்கா வராது?" என்று ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.

முதல் தடவை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடிக்கிற பையனுக்கு ஜெரிஷின் வயது. எழுத்தாணியைப் பிடித்தபடி நிமிர்ந்து, இவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தான்.

"போடு மக்கா ஒப்பு" என்றார் ஆபேல்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கேமராக்காரர் சிரித்தார், அஞ்சலி கிளாப் அட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நேசபாயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்றரை வருடத்தில் அவள் சிரித்து ஊரார் பார்த்தது அன்றைக்குத்தான். ஆபேலுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

இரண்டாம் தடவை சத்தமே வரவில்லை. மூன்றாம் தடவை வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. "ஒப்பு போடாதே மக்கா!" என்று அவர் போட்ட சத்தத்தில் ரப்பர் மரத்துக் காக்கைகள் எழும்பின. சொல்லிவிட்டு அந்தப் பையனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். விடவில்லை. "கட்" சொன்ன பிறகும் விடவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். "பிறவி நடிகன்யா" என்றார் யாரோ.

சாயா கொடுக்கிற இடைவேளையில் அவர் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தார். நேசபாய் இரண்டு கப் சாயாவோடு வந்து ஒன்றை அவரிடம் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, அந்த போனு மட்டும் உங்க கையில கிடைச்சிருந்தா, இதேபோலதானே சொல்லியிருப்பிய. எனக்க பிள்ள போட்டிருக்க மாட்டான். நீங்க சொன்னா அவன் கேப்பான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பூங்கனி மைனியிட்ட மிண்டாம இருக்கேன் பாருங்கோ, அது பாவம். பைப்பு சத்தத்தில கேக்கல்லன்னா அவங்க என்ன செய்வாங்க? இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வாறேன்னு சொல்லுங்கோ. மன்னிச்சாச்சுன்னு சொல்லுங்கோ."

ஆபேல் சாயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் போதும். பொய் தானே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். இருவரும் பழைய பெஞ்சில் உட்கார்வார்கள், பூங்கனி பைப்பை நன்றாகத் திறந்து துவைப்பாள், ஊர் அவரைப் பிறவி நடிகன் என்று சொல்லும். அவர் தலையசைத்தால் போதும். தலையசைக்கவும் தொடங்கினார். ஆனால் செய்யாத தப்புக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டு பூங்கனி அழப்போவதை நினைத்தபோது, அந்தத் தலையசைப்பைப் பாதியில் நிறுத்தினார்.

"போனு வந்துது" என்றார்.

நேசபாய்க்குப் புரியவில்லை.

"நான்தான் எடுத்தேன். ஸ்டேஷன்ல இருந்து வந்தாச்சு அப்ப. பூங்கனிக்கு தெரியாது. அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அவள் கையிலிருந்த கப்பை மெதுவாகக் கல்லின் மேல் வைத்தாள். "என்ன சொன்னிய?"

"நேசம்..."

"எனக்க பிள்ள கேட்டதுக்கு என்ன சொன்னிய?"

"மொதல்ல சொன்னேனே, அதான்" என்றார் ஆபேல். "எல்லாரும் சிரிச்சாங்களே."

அவள் அழவில்லை, அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். வாயில் கையை வைத்தாள். தானும் சிரித்ததை நினைத்தாள் போல. அப்புறம் அந்தச் சினிமா உடுப்போடே திரும்பி நடந்தாள். "ஆன்ட்டி, இன்னும் முடியலை" என்று அஞ்சலி பின்னால் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

அவள் தன் வீட்டைத் தாண்டிப் போனாள். ஆபேல் வெறுங்காலோடு, தோளில் தோர்த்தோடு, இருபதடி பின்னால் நடந்தார். கூப்பிடத் தைரியமில்லை. அவள் அவருடைய கேட்டைத் திறந்து, முற்றத்து நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்புறம் போனாள். ஆபேல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொந்த வீட்டுக்குள் போக அவருக்குக் கால் வரவில்லை.

பின்புறத்தில் பேச்சு கேட்டது. நேசபாயின் குரல் மட்டும். அப்புறம் பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

அவர் சுவரோரமாக நடந்து போய்ப் பார்த்தார். துவைகல்லில் இரண்டு பெண்களும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். நேசபாயின் தலை பூங்கனியின் தோளில் கிடந்தது. பூங்கனியின் ஈரக் கை அவள் முதுகில் இருந்தது. பூங்கனி நிமிர்ந்து ஆபேலைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் கோபமாக, சலிப்பாக, அன்பாக எல்லாம் பார்த்திருக்கிறாள். இப்படிப் பார்த்ததில்லை. விசாத் தாளோடு வாசலில் வந்து நிற்கும் வெளியூர்க்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பூங்கனி" என்றார்.

அவள் மடியில் போன் அடித்தது. அது அடித்தால் துள்ளி எழுகிறவள் அன்றைக்கு அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது மணியில் அதை மடியிலிருந்து உருவி, திரையைப் பார்த்து, துவைகல்லின் ஓரத்தில் அவர் பக்கமாக வைத்தாள்.

"அந்தச் சினிமாக்காரப் பிள்ள" என்றாள். "அந்த வரிய இன்னொருக்க சொல்லணுமாயிருக்கும்."

ஆபேல் கையை நீட்டவில்லை. போன் கல்லின் மேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"எடுங்கோ" என்றாள் பூங்கனி. "நீங்கதானே எடுப்பிய."